நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும்

என் வாழ்நாளில் நான் ஒரு சட்டம் எழுதியிருக்கிறேன். பகிடிக்கு எழுதினேன். அதை நிறைவேற்றிவிட்டார்கள். அத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. அதை நடைமுறைப்படுத்தும் வேலையையும் என்னிடமே தந்தார்கள், நானும் வாயெல்லாம் பல்லாக ஏற்றுக்கொண்டேன். கடைசியில் அந்தச் சட்டம் ஒரேயொரு பெண்ணின் மேல்தான் போய் விழுந்தது. அவருக்கு நான் செய்ததை என் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

மொன்ட்ரியாலில் என் வேலைக்கும் சட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மருந்து பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பெட்டிகளில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவன் நான். உள்ளே இருப்பது தலையிடிக்கா வயிற்றோட்டத்துக்கா என்பது என் பொறுப்பில் வராது. இந்த வாழ்க்கைக்கு ஈடுகட்ட, வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவில் அரசியல் நையாண்டி செய்து வந்தேன். பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம் தருவார்கள். வரிசையில் முன்னுக்கு நிற்பதற்காக ஆட்கள் எழும்பத் தொடங்கும் நேரம் அது. அவர்களைக் கதிரையில் இருத்தி வைப்பதற்காகத்தான் என்னைப் போட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. நான் என்னை ஒரு பெரிய விமர்சகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. தேர்தலில் நிற்கும் ஒருவருக்கு, எதிராளியைப் பற்றி வெளிநாட்டுக்காரர் ஒருவர் தகவல் தந்தால், அதை அவர் பொலிசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடலாமா கூடாதா என்பது வாதம். போடவேண்டும் என்றது ஒரு பக்கம். காதால் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றது மற்றப் பக்கம். இங்கேயும் வெளிநாட்டுத் தலையீடு பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. மெட்ரோவில் அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களின் தேர்தலில் வெளிநாட்டுத் தகவலைத் தவிர வேறு என்ன தகவல் இருக்கிறது? இங்கே ஒருவர் செயலாளர் பதவிக்கு நின்றால், அவர் ஆறாம் வகுப்பில் எத்தனை வருஷம் படித்தார் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து வரும். பேசிக் குழம்பிய கலியாணம் பாரிஸிலிருந்து வரும். மிச்சம் லண்டனிலிருந்து வரும்.

கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையேறி, நாலு பிரிவுகள் கொண்ட ஒரு சட்டத்தைக் கனத்த குரலில் வாசித்தேன். முதலாவது: ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கலாம், ஆனால் ‘உண்மையாவோ’ என்று இரண்டு தரத்துக்கு மேல் கேட்கக்கூடாது. இரண்டாவது: எதிராளியைப் பற்றிக் கனடாவுக்கு வெளியிலிருந்து தகவல் கிடைத்த வேட்பாளர் அதை நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றாவது: யாரைப் பற்றிய தகவலோ, அவருக்கும் அது எழுத்தில் தெரிவிக்கப்படும். நாலாவது: தகவல் தந்தவர் சொந்த மச்சானாக இருந்தால் அது தகவல் அல்ல, குடும்பக் கதை.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் எப்படியிருந்தது என்று மூன்று தரம் கேட்டேன். “சிரிச்சவைதான். சாப்பாடு பிந்திப் போச்சு” என்றாள்.

இரண்டு கிழமை கழித்துச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழும்பி எதையாவது முன்மொழிந்தால், அது என்னவென்று காதில் விழ முன்னமே பின்வரிசையில் ஒருவர் “நான் வழிமொழியிறன்” என்பார். எப்போதும் அதே ஆள்தான். கூட்டத்தை ஒத்திவைக்கும் தீர்மானத்தையும் தொடர்ந்து நடத்தும் தீர்மானத்தையும் ஒரே பின்னேரத்தில் வழிமொழிந்தவர் அவர்.

தலைவர் எழும்பினார். ஒன்பது வருஷமாக அவர்தான் தலைவர். பணக்காரர் இருக்கும் இல்-பிசாரில் ஆற்றைப் பார்த்த வீடு, யாருடைய சாவீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கும் மனிதர். பதவியை மட்டும் விடமாட்டார்.

“தம்பி வாசிச்ச சட்டத்திலை ரெண்டாவதும் மூண்டாவதும் எங்களுக்குத் தேவையானது. இந்தமுறை போட்டி இருக்குதெண்டு கேள்விப்படுறன். தேர்தல் துப்புரவா நடக்கவேணும். எங்கடை சங்க யாப்பு விதியளிலை இதைச் சேர்க்கச் சொல்லி முன்மொழியிறன்.”

“நான் வழிமொழியிறன்.”

எனக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பித்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். என் கையைப் பிடித்தார். “சார், இது நையாண்டிதானே? இதப் போய் சட்டமா எடுத்துக்கறாங்க. நீங்க எழுந்து சொல்லுங்க சார்.”

எழும்பத்தான் செய்தேன். அதே நேரம் தலைவர், இந்தத் தகவல்களைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளராக என்னை நியமிக்கலாம் என்றார். எழும்பிய நான் கை கூப்பினேன். இருபது வருஷமாகப் பெரிய மனிதர்களின் பதவி ஆசையை மேடையில் கிழித்துத் தொங்கவிட்டவன், எனக்கு ஒரு பதவி என்று வந்ததும் ஏற்புரையே செய்துவிட்டேன். பேராசிரியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, டொரோண்டோ வெளிநாடா என்ற கேள்வி வந்து அரை மணித்தியாலம் போனது. டொரோண்டோக் கதைகளையும் அடக்காவிட்டால் இந்தச் சட்டத்தால் என்ன பிரயோசனம் என்றார் ஒருவர். “தனிநாடு கேக்கிற கியூபெக்காரரைக் கேட்டுப் பாருங்கோ, ஓம், வெளிநாடுதான் எண்டு சொல்லுவினம்” என்றார் இன்னொருவர். கடைசியில் டொரோண்டோ உள்நாடு என்று தீர்மானித்தோம். வழிமொழிந்தவரைச் சொல்லத் தேவையில்லை.

போட்டி இருந்தது உண்மைதான். தலைவருக்கு எதிராக நின்றவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண். வாடகை குறைந்த மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மகளோடு இருந்தார். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை. அவருக்கு ஒரே ஒரு கோரிக்கை. தமிழ் வகுப்பு நடக்கும் இடத்துக்குத் தன் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பஸ் எடுத்து வரவேண்டியிருக்கிறது, அங்கேயும் ஒரு வகுப்பு வைக்கவேண்டும் என்பது. ஒன்பது வருஷமாகத் தலைவர் பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லி வந்ததால் தானே தேர்தலில் நின்றுவிட்டார். அவருடைய கணவர் போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். வருஷா வருஷம் டவுன்டவுனில் நடக்கும் நினைவுகூரலில் கணவரின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பார். பொட்டு வைத்திருப்பார். அதைப் பற்றிக் கதைப்பவர்களும் இருந்தார்கள். என்னை அண்ணை என்பார், நான் தங்கச்சி என்பேன். அவ்வளவு பழக்கம்தான்.

நான் ஒரு படிவம் தயாரித்தேன். தொடரிலக்கம், திகதி, நேரம், தகவல் வந்த நாடு, அறிவிப்பவரின் கையொப்பம். மூன்று நாள் எடுத்தது. கோடுகள் நேராக இருக்கவேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன்.

தகவல்கள் வந்து குவிந்தன. சுவிசிலிருந்து ஒன்று: உபதலைவர் வேட்பாளர் பாடசாலைக் கிரிக்கெட்டில் ஓட்டமே எடுக்காமல் ஆட்டமிழந்துவிட்டு, நடுவரின் சைக்கிளுக்குக் காற்றுத் திறந்துவிட்டவர். நோர்வேயிலிருந்து ஒன்று, படத்தோடு: சுத்த சைவம் என்று சொல்லிக்கொண்டு செயற்குழுவுக்கு நிற்கும் ஒருவர் அங்கே கலியாணவீட்டில் கோழிக்கால் கடிக்கிறார். ஒவ்வொருவரும் ஒரே முகவுரையோடுதான் தொடங்கினார்கள். “நானாக் கேக்கேல்லை அண்ணை, வந்தது. சட்டம் எண்டபடியாச் சொல்லுறன்.” முன்பெல்லாம் இப்படிக் கதை காவுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது. நான் அதைக் கடமையாக்கிவிட்டேன். மூன்றாம் பிரிவின்படி, சம்பந்தப்பட்டவருக்கும் எழுத்தில் அனுப்பினேன். அவர் கோபத்தில் நாலு பேருக்குக் காட்டினார். அந்த நாலு பேரும் தங்கள் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் போன் பண்ணினார்கள். அங்கிருந்து புதிய தகவல் வந்தது. வதந்தியை நிறுத்தவென்று போட்ட சட்டம் அதற்குத் தபால் கந்தோர் நடத்திக்கொண்டிருந்தது, நான் தபாலதிபர்.

அவுஸ்திரேலியாவிலிருந்து என்னைப் பற்றியும் ஒன்று வந்தது. பாடசாலை மலரில் நான் எழுதிய முதல் நகைச்சுவைக் கட்டுரை, பழைய மலர் ஒன்றிலிருந்து அப்படியே இறக்கியதாம். நான் வேட்பாளர் அல்ல, ஆகவே சட்டம் பொருந்தாது என்று குறிப்பெழுதி, படிவங்களைச் சேர்த்து வைத்த கோவையின் அடியில் வைத்தேன். தகவல் உண்மைதான்.

“உங்களுக்கு இது நல்லாப் பிடிச்சுப் போச்சு” என்றாள் மனைவி. நான் மறுத்தேன். மறுத்துக்கொண்டே போனை எட்டி எடுத்தேன்.

ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து வெளியே வந்தபோது தொழிற்சாலை வாசலில் தலைவர் காரோடு நின்றார். படிவத்தை நிரப்பிக் கொண்டு வந்திருந்தார். கையொப்பமும் போட்டிருந்தார்.

“எனக்கு இதிலை துளியும் விருப்பமில்லைத் தம்பி. யாழ்ப்பாணத்திலை இருக்கிற என்ர ஒண்டுவிட்ட தமையன் சொன்னது. நாப்பத்தெட்டு மணித்தியாலம் முடியப்போகுது, தலைவரே சட்டத்தை மீறினா நல்லதில்லைத் தானே.”

காரில் இருந்து வாசித்தேன். எதிர் வேட்பாளரின் கணவர் காணாமற்போனவர் அல்ல. உயிரோடு இருக்கிறார். வேறொரு பெண்ணை மணந்து குடும்பமாக வாழ்கிறார். ஆகவே எதிர் வேட்பாளர் சமூகத்துக்குப் பொய் சொல்லி அனுதாபம் தேடுகிறார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த உணர்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதிர்ச்சி இல்லை, இரக்கமும் இல்லை. கோழிக்காலும் சைக்கிள் காற்றுமாக வந்துகொண்டிருந்த என் கோவைக்குக் கடைசியில் கனமான ஒன்று வந்து சேர்ந்தது என்ற திருப்தி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்தநாள் எனக்கு விடுமுறை. காலையிலேயே கணினியின் முன் இருந்து அந்தப் பெண்ணுக்கு அறிவித்தல் தயாரித்தேன். எழுத்துருவை மூன்று தரம் மாற்றிப் பார்த்தேன். மனைவி பின்னால் நின்று வாசித்தாள்.

“இதை அனுப்பாதேங்கோ.”

“சட்டப்படி அனுப்பத்தான் வேணும்.”

“அப்ப நேர போய்ச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை வேலையிலை நிண்டு போனிலை இதை வாசிக்கப் போகுது.”

“நேரிலை சொன்னா எழுத்திலை சொன்னதாகாது.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அனுப்பினேன். ‘மறுப்பு ஏதும் இருப்பின் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் எழுத்தில் தரவும்’ என்று கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். அந்த வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று வேறு நினைத்தேன்.

பேராசிரியரும் சங்கத்தின் செயற்குழுவில் இருந்ததால் அவருக்கும் ஒரு பிரதி போனது. பின்னேரம் போன் பண்ணினார். “சார், அந்தத் தகவல் நிஜமான்னு யாராவது விசாரிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். விசாரிப்பது பொறுப்பாளரின் அதிகாரத்தில் இல்லை, பெற்றுக்கொள்வது மட்டுமே வேலை என்றேன். அவர் சரி சார் என்று வைத்துவிட்டார்.

வெள்ளி போனது, சனி போனது. அந்தப் பெண்ணிடமிருந்து பதில் இல்லை. மறுப்பு வரவில்லை என்று கோவையில் குறித்தேன். ஞாயிறு காலை போன் வந்தது. “அண்ணை, ஒருக்கா வீட்டை வர ஏலுமோ?”

தேர்தல் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் வென்றார். மொன்ட்ரியால்-நோரில் இப்போது சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி நானே முன்மொழிந்தேன். பின்வரிசையிலிருந்து உடனே வழிமொழிந்தார்கள். மேடையில் எனக்கிருந்த பன்னிரண்டு நிமிஷத்தில் இப்போது ஒரு பிள்ளை வயலின் வாசிக்கிறது. சனம் வழக்கம்போலச் சாப்பாட்டு வரிசைக்கு எழும்புகிறது.

அந்த ஞாயிறு பஸ்ஸில் போகும்போது நான் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் ஏசுவார், அழுவார், தலைவர்மேல் வழக்குப் போடுவேன் என்பார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பிரிவு எண்ணோடு பதில் இருந்தது.

கதவைத் திறந்தார். வீடு கூட்டித் துடைத்திருந்தது. முழுகிய தலை, நல்ல சேலை. என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். மேசையில் என் அறிவித்தலின் அச்சுப்படி இருந்தது, பக்கத்தில் அவருடைய பாஸ்போர்ட்டும் ஒரு கொப்பியும்.

“தங்கச்சி, இது என்ர சொந்தக் கருத்தில்லை. மூண்டாம் பிரிவின்படி...”

“அது பரவாயில்லை அண்ணை. நான் மறுப்பெழுதக் கூப்பிடேல்லை. இதிலை எந்த ஊரெண்டு போடேல்லை. எந்த ஊராம்?”

நானே எழுதிய தாளைக் கையில் எடுத்து முதல் தரமாக வாசிப்பவன்போலத் தேடினேன். நாடு, இலங்கை என்று இருந்தது. “தெரியாது” என்றேன்.

“ஆர் கண்டதாம்?”

“தெரியாது தங்கச்சி.”

கொப்பியைத் திறந்தார். கேட்கவேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்திருந்தார். நடையில் ஏதும் வித்தியாசம் இருக்கிறதா. கண்ணாடி போடுகிறாரா. பெயரை மாற்றியிருக்கிறாரா. இடது கையில் இரண்டு விரல் மடங்காதே, பார்த்தவர்கள் கவனித்தார்களா. அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா, எத்தனை வயது. பக்கம் முழுக்க இருந்தது. எந்தக் கேள்வியிலும் கோபம் இல்லை. நான் எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருக்கு அது தேர்தல் செய்தியே இல்லை.

“சொன்ன ஆளின்ரை நம்பர் எடுக்கலாமோ அண்ணை?”

தலைவருக்குப் போன் அடித்து நம்பரைக் கேட்டேன். ஏன் என்று இழுத்தார். தாருங்கள் என்று சத்தம் போட்டேன், தந்தார். யாழ்ப்பாணத்தில் அப்போது பொழுதுபட்டிருக்கும். இரண்டாவது மணி அடிக்கும்போதே தலைவரின் தமையன் எடுத்தார். தங்கச்சியும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். நான் யார் என்று சொல்லி விஷயத்தைக் கேட்டேன்.

“ஓ, அதோ? தேர்தலுக்கு உதவுற மாதிரி ஏதும் இருந்தாச் சொல்லு எண்டு உங்கடை தலைவர்தான் கேட்டவர். காணாமப்போன சிலபேர் எங்கையோ வேற குடும்பமா இருக்கினம் எண்டு சனம் கதைக்கிறதுதானே. அந்தப் பிள்ளையின்ரை மனுசனும் அப்பிடி இருப்பாராக்கும் எண்டு சொன்னன். அதை அங்கை எழுதியே போட்டினம்?”

“ஐயா, நீங்கள் ஆளைக் கண்டனீங்களோ?”

“எனக்கு அந்த ஆளைத் தெரியாதே தம்பி. முன்னப்பின்னக் கண்டதும் இல்லை.”

நான் போனை நிறுத்தினேன். அவர் கொப்பியை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். தெருவில் பஸ் ஒன்று நின்று போனது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி என்றேன்.

“தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ” என்றார். பாஸ்போர்ட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“வியாழக்கிழமை உங்கடை கடிதத்தை வாசிச்சிட்டு வேலையிலை நிண்டு அழுதனான்தான். பேந்து விடிய எழும்பி யோசிச்சன், வேற கலியாணமெண்டா என்ன, அந்த மனுசன் எங்கையோ சாப்பிட்டுப் படுக்குதுதானே எண்டு. அந்தப் பிள்ளையளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போறதெண்டும் நேற்று முழுக்க யோசிச்சனான்.” கொப்பியையும் லாச்சிக்குள் வைத்து மூடினார். “மூண்டு நாள் உயிரோடை இருந்தவர் அண்ணை.”